பேராதனைக்குத் தெரிவாகி, பதிவுக்கு முன் ஒருமுறை வளாகத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவான மாணவி ஒருவரின் கேள்வி இது: பதிவு நாளுக்கு முன் ஒருமுறை அப்பாவுடன் கெம்பஸைப் பார்த்து வரலாமா, உள்ளே விடுவார்களா, எங்கே இறங்குவது, எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது? வீட்டில் இதற்கு முன் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

போகலாம். வீட்டில் முதல் ஆளாகப் போகிறவர் கட்டாயம் போக வேண்டும். பதிவு நாளில் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் கோப்புகளோடு நிற்பார்கள். அன்று யாருக்கும் நின்று விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. ஒரு கடிதம் குறைந்தாலும் திரும்பிப் போய் எடுத்துவர வேண்டியதுதான். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இரண்டாம் பயணம்தான் பெரிய செலவு. இருவருக்கு பஸ் காசு, வெளிச்சாப்பாடு, அப்பாவுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் போய்விடும். ஆகவே இதைச் சுற்றிப் பார்க்கும் பயணமாக நினைக்காதீர்கள். எந்தக் காகிதம் குறைகிறது, எங்கே தங்கப் போகிறீர்கள், சிக்கல் வந்தால் எந்த அறையின் கதவைத் தட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தெரிந்துகொண்டு வரும் பயணம் இது. மரங்களையும் மலையையும் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பார்க்கலாம்.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்களைத் தெரிவுசெய்ததாக அறிவித்த பின், ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் குறித்த திகதிக்குள் பதிந்து கட்டணத்தையும் செலுத்த வேண்டும். இது பல்கலைக்கழகத்தில் செய்யும் பதிவு அல்ல, அதற்கு முந்திய படி. இந்தத் திகதி தவறினால் இடமே போய்விடும். பேராதனைக்கு நேரில் போய் அழுதாலும் அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தோட்டத்தில் சிக்னல் இல்லையென்றால் டவுனில் ஒரு கொம்யூனிகேஷனில் செய்யுங்கள். கடைக்காரரின் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் போட விடாதீர்கள். அடுத்து வரும் ஒவ்வொரு அறிவித்தலும் அந்த முகவரிக்கும் எண்ணுக்கும்தான் வரும். உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பணம் கட்டிய பற்றுச்சீட்டை அச்செடுத்துக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.

எந்த நாள் போவது? செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனி, ஞாயிறு, போயா நாட்களில் ஒபிஸ் எல்லாம் பூட்டு. திங்களும் வெள்ளியும் திறந்திருந்தாலும் கையெழுத்து வைக்க வேண்டியவர் இல்லாமல் போகும் வாய்ப்புக் கூடுதல். ஜூலை, ஆகஸ்டில் கண்டிப் பெரஹரா நடக்கும் நாட்களில் மாலையில் நகர வீதிகளை மூடுவார்கள், பஸ்கள் மணிக்கணக்கில் நிற்கும். கண்டி வழியாகத் திரும்ப வேண்டியவர்கள் அந்த வாரங்களைத் தவிர்க்கவும். கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இருந்தால் பயணமே வீண். அதனால் முதல் நாள் பீடாதிபதி அலுவலகத்துக்கு ஒரு கோல் எடுத்து, நாளை ஒபிஸ் நடக்குமா என்று கேட்டுவிடுங்கள். எண் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில், உங்கள் பீடத்தின் பக்கத்தில் இருக்கும்.

இனி வழி. தலவாக்கலையிலிருந்து ஹட்டன் வந்து, ஹட்டன்–கண்டி பஸ் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கெலிஓயா வழியாகப் பேராதனைக்கு வரும். நுவரெலியாவிலிருந்து வருகிறவர்களுக்கு றம்பொடை, புசல்லாவை, கம்பளை. இரண்டு வழியிலும் கண்டி நகருக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. தெரியாதவர்கள் கண்டி வரை போய், இன்னொரு பஸ் பிடித்துத் திரும்பி வருவார்கள். நெரிசலில் ஒரு மணித்தியாலம் அதிலேயே போய்விடும். பேராதனைப் பூந்தோட்டத்தைத் தாண்டி, மகாவலிப் பாலத்தைக் கடந்ததும் வருவது கலஹா சந்தி. கொண்டக்டரிடம் ஏறும்போதே "கலஹா ஹந்தியெங் பஹினவா" (கலஹா சந்தியில் இறங்குகிறேன்) என்று சிங்களத்தில் சொல்லி வையுங்கள். மாத்தளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் கண்டியில் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து போகும் கம்பளை, நாவலப்பிட்டி பஸ்கள் கலஹா சந்தியில் நிற்கும். கலஹா, ஹிந்தகல போகும் பஸ்கள் வளாகத்தின் நடுவாகவே போகும். பஸ் நிற்கும் இடங்கள் கண்டியில் மாறிக்கொண்டிருப்பதால் பழைய தகவலை நம்பாமல் இறங்கிய இடத்தில் கேளுங்கள்.

ரயிலில் வந்தால் பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கண்டிக்குப் போகும் பாதையில் வளாகத்துக்குள்ளேயே சரசவி உயன என்ற சிறு நிலையமும் உண்டு. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் கடுமையாகச் சேதமடைந்தது. உங்கள் நிலையத்திலிருந்து அன்று ரயில் ஓடுகிறதா, எது வரைக்கும் ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டு உறுதிப்படுத்தாமல் ரயிலை நம்பிக் கிளம்ப வேண்டாம். அடைமழை நாட்களில் கினிகத்தேனை, றம்பொடை வீதிகளிலும் மண் சரியும். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எத்தனை மணிக்கு அங்கே இருப்பது என்பது முக்கியம். காலை ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் முதல் ஒபிஸ் வாசலில் நில்லுங்கள். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை சாப்பாட்டு நேரம், மூன்றுக்குப் பிறகு புது வேலை எதையும் கையில் எடுக்கத் தயங்குவார்கள். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குக் கிடைப்பது நான்கைந்து மணித்தியாலம்தான். அதற்கு ஹட்டனிலிருந்து காலை ஆறுக்கு முன்பே பஸ் ஏற வேண்டும்.

உள்ளே விடுவார்களா என்ற பயம் வேண்டாம். கலஹா வீதி வளாகத்தின் ஊடாகப் போகும் பொது வீதி; ஊர் பஸ்கள் ஓடுகின்றன, தெல்தோட்டைப் பக்கத்து மக்கள் தினமும் போய் வருகிறார்கள். பீடக் கட்டடங்களிலும் விடுதிகளிலும் மட்டும் பாதுகாப்பு ஊழியர் நிறுத்திக் கேட்பார். அடையாள அட்டையையும் தெரிவுக் கடிதத்தையும் காட்டி, எந்த ஒபிஸுக்குப் போகிறீர்கள் என்று சொன்னால் போதும், பெரும்பாலும் வழியும் காட்டுவார். அப்பாவுடைய அடையாள அட்டையையும் மறக்காமல் எடுங்கள்.

இடத்தின் அமைப்பை மனதில் ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள், நடை குறையும். மகாவலிக்கும் ஹந்தானை மலைக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் வளாகம் இது. முதுகெலும்பு கலஹா வீதி. விஞ்ஞான பீடம், கலைப் பீடம், செனட் கட்டடம், பிரதான நூலகம் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று நடக்கும் தூரம். மருத்துவ பீடமும் மிருக வைத்திய பீடமும் கலஹா சந்திக்குக் கிட்ட. பல் மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் கொழும்பு–கண்டி வீதிப் பக்கம். பொறியியல் பீடம் மட்டும் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. அக்பர் விடுதியருகே உள்ள அக்பர் பாலத்தால் நடந்து கடக்கலாம். பொறியியலுக்குத் தெரிவானவர்கள் கம்பளைப் பக்கமிருந்து வந்தால் கலஹா சந்தி வரை போகாமல், பாலத்துக்கு முன்பே பீடத்துக்குத் திரும்பும் இடத்தில் இறக்கிவிடச் சொல்லலாம். விவசாய பீடத்தார் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்: படிப்பின் ஒரு பகுதி மகாஇலுப்பள்ளமவில் உள்ள உப வளாகத்தில் நடக்கும். அது அநுராதபுர மாவட்டம், வேறு வெயில். எப்போது போக வேண்டிவரும் என்று முதலிலேயே கேளுங்கள்.

இப்போது காகிதம். மலையகப் பிள்ளைகள் அதிகம் அலைவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், தெரிவுக் கடிதம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, கடவுச்சீட்டு அளவுப் படங்கள் ஆகியவை எல்லோருக்கும் பொது. ஒவ்வொன்றிலும் மூலப்பிரதி ஒன்று, நிழற்பிரதி மூன்று வையுங்கள். லெமினேட் செய்யாதீர்கள், பின்புறக் குறிப்பைப் பார்க்கவோ முத்திரை குத்தவோ முடியாமல் போகும்.

சிக்கல் பெயரில் வரும். தோட்டத்தில் பிறந்த பலரின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் வேறு எழுத்து. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும், சில இடத்தில் தாத்தாவின் பெயரோடு மாறியும் இருக்கும். பாடசாலையில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பல்கலைக்கழகத்தில் ஏறும் பெயர் பட்டச் சான்றிதழ் வரை போகும். கடவுச்சீட்டு எடுக்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் அதுதான் நிற்கும். ஆகவே பயணத்துக்கு முன் எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி, உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த திகதியையும் பாருங்கள்.

எழுத்து வேறுபாடு சிறிதென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் எடுக்கும் சத்தியக்கடதாசி பல இடங்களில் போதும். பெயரே வேறாக இருந்தாலோ, திகதி மாறியிருந்தாலோ பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வாரங்கள் போகும், சிலவேளை மாதங்களும் போகும். விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருங்கள். பேராதனைக்குப் போகும் நாளில் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்து, இதற்கு எது ஏற்றுக்கொள்ளப்படும் என்று பீட ஒபிஸில் நேரடியாகக் கேளுங்கள். பதில் சொன்னவரின் பதவியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே நேரில் போவது பயனுள்ளது. தொலைபேசியில் யாரும் காகிதத்தைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது வருமானச் சான்று. மகாபொலப் புலமைப்பரிசிலுக்கும் பர்சரி என்ற உதவித்தொகைக்கும் விடுதிக்கும் இதுவே அடிப்படை. தாய், தகப்பன் இருவரின் அண்மைய மாதச் சம்பளச் சீட்டுகள், தோட்ட ஒபிஸின் கடிதம், கிராம சேவகரின் சான்று, அதன்மேல் பிரதேச செயலாளரின் ஒப்பம் என்று ஒழுங்காக எடுக்க வேண்டும். தோட்ட ஒபிஸ் கடிதத்தைப் பெரியதொரை (தோட்ட முகாமையாளர்) இல்லாத நாளில் கேட்டால் இழுபடும், அதனால் அதை முதலில் தொடங்குங்கள். அப்பா கொழும்பில் கடையில் வேலை செய்கிறார், அம்மா மட்டும் மலையில் கொழுந்து எடுக்கிறார் என்றால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். மறைத்து எழுதிய வருமானம் பின்னால் பிடிபட்டால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வீட்டில் இன்னும் படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களின் பாடசாலைக் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள்.

மகாபொலப் புலமைப்பரிசில் 1981 முதல் நடைமுறையில் இருப்பது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதன் தவணை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. ஆண்டுக்குப் பத்துத் தவணை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். மகாபொலப் பட்டியலில் பெயர் வராவிட்டால் மனம் உடைந்து உட்கார்ந்துவிடாமல் பர்சரிக்கு உடனே விண்ணப்பியுங்கள். அது பல்கலைக்கழகத்தினூடாக வருவது, முடிவுத் திகதி சத்தமில்லாமல் கடந்துபோகும். விண்ணப்பம் எப்போது, எந்த ஒபிஸில் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதையும் அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். முதல் மூன்று, நான்கு மாதச் செலவை வீடுதான் தாங்க வேண்டும்; மகாபொலவை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்கள் வட்டியில் மாட்டிக்கொள்கின்றன. பணம் உங்கள் சொந்தப் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வரும். எந்த வங்கி என்று கேட்ட பிறகே கணக்குத் திறங்கள்.

விடுதி. எல்லோருக்கும் எல்லா ஆண்டும் இடம் கிடைக்காது. ஆனால் முதலாம் ஆண்டில், தூரமும் வருமானமும் பார்த்துக் கொடுக்கும்போது நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு நன்றாகவே உண்டு. விண்ணப்பத்தில் வீட்டுத் தூரத்தைக் குறிக்கும்போது டவுனிலிருந்து அல்ல, தோட்டத்தில் நீங்கள் இருக்கும் டிவிசனிலிருந்து கணக்கிடுங்கள். லயத்திலிருந்து பஸ் வீதிக்கு நடக்கும் தூரமும் தூரம்தான். பார்க்கப் போகும் நாளில் விடுதிக்குள்ளே சுற்றிக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெண்கள் விடுதியில் அப்பாவை வாசலோடு நிறுத்துவார்கள், அது சரியான விதி. வாசலில் வோர்டன் அல்லது உதவி வோர்டனைக் கேட்டு, மெத்தை தருவார்களா, அறையில் எத்தனை பேர், இரவு எத்தனை மணிக்கு வாசல் பூட்டு, சமைக்க விடுவார்களா, வார இறுதியில் வீட்டுக்குப் போக எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மெத்தையை மலையிலிருந்து சுமந்து வருவதா வேண்டாமா என்பது அந்த ஒரு பதிலில் தீரும்.

குளிர்ப் பிரதேசத்திலிருந்து வருகிறவர்கள் தவறவிடும் பொருள் ஒன்று இருக்கிறது: நுளம்பு வலை. தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் நுளம்பு குறைவு, வீட்டில் வலையே இருக்காது. பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர்தான். ஆற்றோரம், மரம், மழை, கண்டி மாவட்டத்தில் டெங்கும் உண்டு. வலையும், நல்ல பூட்டு இரண்டும், வாளியும் முதல் நாளே வேண்டும். தடித்த கம்பளியை வீட்டிலேயே விடலாம், மெல்லிய போர்வை போதும். குடை எப்போதும் பையில் இருக்கட்டும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும்.

விடுதி கிடைக்காவிட்டால் போர்டிங். ஹிந்தகல, பேராதனை, கெட்டம்பைப் பக்கங்களில் கிடைக்கும். முதற்பயணத்தில் எந்தப் போர்டிங்குக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். விடுதிப் பட்டியல் வரும் வரை பொறுங்கள், விலாசத்தையும் எண்ணையும் மட்டும் வாங்கி வாருங்கள்.

பீட ஒபிஸில் கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். விஞ்ஞான பீடத்தில் முதலாம் ஆண்டில் எடுக்கும் பாடச் சேர்க்கைதான் பின்னால் எந்தத் துறையில் சிறப்புப் பட்டம் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும். மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 90 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்), நான்காண்டு சிறப்புப் பட்டம் 120. முதலாம் ஆண்டில் ஒரு பாடத்தை விட்டுவிட்டால் அந்தத் துறையின் கதவு பெரும்பாலும் மூடிவிடும். நண்பி எடுக்கிறாள் என்று எடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் அழுவதைவிட, பீடக் கைநூலை இப்போதே வாங்கியோ இறக்கியோ படியுங்கள். உங்களுக்குப் பிடித்த இரண்டு துறைகளின் அறிவித்தல் பலகைக்குப் போய் நேர அட்டவணையைப் பாருங்கள். எந்தெந்தப் பாடங்கள் ஒரே நேரத்தில் விழுகின்றன என்பது அங்கே தெரியும்.

ஆங்கிலம் பற்றி யாரும் உங்களை முன்கூட்டி எச்சரித்திருக்க மாட்டார்கள். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், விவசாயம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் படித்து வந்தவருக்கு முதல் சில வாரங்கள் விரிவுரை காதில் ஏறாது. அது அறிவுக்குறைவு அல்ல, சொற்குறைவு. தொடக்க ஆங்கில வகுப்புகளை ஒன்றையும் விடாதீர்கள். பதிவு வரைக்கும் இருக்கும் மாதங்களில் உயர்தர இரசாயன, பௌதிகப் பாடக் குறிப்புகளின் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் அரைவாசிப் பாரம் இறங்கும். கலைப் பீடத்தில் தமிழ் மூலம் படிக்கலாம், ஆனால் எந்தப் பாடம் தமிழில் நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கவுண்டரில் பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சுச் சிங்களம் ஓரளவு வரும், அது போதும். எழுத்தில் கொடுக்க வேண்டியதை ஆங்கிலத்தில் நாலு வரியில் எழுதி எடுத்துப் போங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. ஆயினும் வேலை விரைவாக நடக்க வேண்டுமென்றால் ஆங்கிலக் கடிதம் உதவும்.

"கோட்டாவில் வந்தவர்கள்" என்று சிலர் சொல்லக் கேட்பீர்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உள்ளவை. அதாவது அந்தப் பாடநெறிகளில் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் மாவட்ட அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் படித்துப் பெற்ற இஸட் புள்ளிக்காக யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

பகிடிவதை (ராகிங்) பற்றி மறைக்காமல் பேச வேண்டும். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ இருந்தால் பத்து ஆண்டு வரை கடூழியச் சிறை. சட்டம் வந்தும் பழக்கம் முற்றாக நிற்கவில்லை. இப்போது அது பதிவுக்கு முன்பே தொலைபேசியில் தொடங்குகிறது. தெரியாத எண்ணிலிருந்து "நாங்க சீனியர்மார், உங்க பெட்ச் குரூப்பில சேருங்க" என்று வந்தால் அவசரப்பட்டுச் சேராதீர்கள். வளாகத்தைப் பார்க்கப் போகும் நாளில் யாராவது நிறுத்தி "எந்த பீடம், எந்த ஊர், நம்பரைக் கொடு" என்றால் பீடத்தை மட்டும் சொல்லிவிட்டு அப்பாவோடு நடந்துகொண்டே இருங்கள். எண் கொடுக்க வேண்டாம்.

நம்ம ஊர் அண்ணாமார், அக்காமார் உதவுவார்கள், உண்மையாகவே உதவுவார்கள். படிவம் நிரப்புவதிலிருந்து பழைய வினாத்தாள் வரை அவர்களிடம்தான் கிடைக்கும். தமிழ்ச் சங்கம், இந்து மாணவர் சங்கம் போன்றவை அதற்கான நல்ல வழி. ஆனால் தமிழில் செய்தாலும் பகிடிவதை பகிடிவதைதான். "நம்ம ஆட்கள், பாசத்தில செய்றாங்க" என்ற பேச்சை ஏற்காதீர்கள். உதவி செய்கிறவர் உங்களை முழங்காலில் நிற்கச் சொல்ல மாட்டார். மாணவர் ஆலோசகர், வளாக ஒழுங்கைக் கவனிக்கும் மார்ஷல் அலுவலகம், விடுதி வோர்டன் இந்த மூவரின் இடத்தையும் எண்ணையும் இந்தப் பயணத்திலேயே குறித்து, ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். மானியங்கள் ஆணைக்குழுவிலும் நேரடியாக முறையிடலாம்.

வேலை முடிந்தால் மிச்ச நேரத்தில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று பிரதான நூலகம். உள்ளே போக முடியாவிட்டாலும் எங்கே என்று தெரிந்திருப்பது நல்லது, முதல் பருவத்தில் உங்கள் நாளின் பாதி அங்கேதான் போகும். மற்றது குறிஞ்சிக்குமரன் ஆலயம்; தமிழ் மாணவர்கள் கூடும் இடம் என்பதால், கும்பிடுகிறவரோ இல்லையோ, வழி தெரிந்திருக்கட்டும். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே இடம்பெயர்ந்தது. விடுதிப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு நடந்தால் அருணாசலம் விடுதி கண்ணில் படும். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முன்னின்று வாதாடிய சேர் பொன்னம்பலம் அருணாசலம்தான் அவர். 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் அமைத்து, தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய தண்டனைச் சட்டங்களுக்கு எதிராகவும் அவரே நின்றார். அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அந்த விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இது மலையகத்துப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஹந்தானை மலைக்கு அன்று ஏறாதீர்கள். மூடுபனி சட்டென்று இறங்கும், வழி தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள், அட்டைக்கடியும் உண்டு. சாப்பாட்டுப் பொதியை வெளியே பிரிக்காமல் கென்டீனுக்குள் வைத்துச் சாப்பிடுங்கள். வளாகத்துக் குரங்குகள் கைப்பையையே பறிக்கும், கோப்போடு பை போனால் வந்த வேலை கெட்டது. கோப்பை அப்பாவிடம் கொடுத்து, அவர் அதைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு இரண்டு, இரண்டரைக்குள் கலஹா சந்திக்கு வாருங்கள். ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து தலவாக்கலை, பிறகு தோட்டத்துக்குக் கடைசி பஸ் அல்லது த்ரீவீல் என்று கணக்குப் பார்த்தால் அதற்கு மேல் தாமதிக்க முடியாது. கண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் இந்த நேரத்தில் இருக்கை கிடைக்கலாம். மூன்றைத் தாண்டினால் பாடசாலை, ஒபிஸ் கூட்டம் சேர்ந்து கம்பளை வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்ததும், கேட்ட பதில்களை மறப்பதற்குள் கொப்பியில் எழுதுங்கள்: குறையும் காகிதம் எது, அதை யார் தருவார், எந்தத் திகதிக்குள் வேண்டும். கிராம சேவகர் ஒபிஸில் இருக்கும் நாள் எது என்று பார்த்து, முதல் வேலையை அந்த நாளுக்குப் போடுங்கள்.